மறு: மழைக்காலக் காய்ச்சல் துண்டறிக்கை – ‘இதய வீக்கம்’ சரியா?

> மயோகார்டைட்டிஸுக்கு ‘இதய வீக்கம்’ என்றே போடலாம். ஜனங்களுக்குப் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். சென்னையில் எக்ஸ்ரேயைப் பார்த்து ‘ஹார்ட் வீங்கியிருக்கு’ என்றால் இதயம் அளவில் பெருத்திருக்கிறது என்று அர்த்தம். பிரஷரைப் பல வருஷம் கவனிக்காமல் விட்டாலும் அப்படிப் பெருக்கும். மயோகார்டைட்டிஸ் என்று நாம் சொல்ல வருவது, ஃப்ளூ, அடினோ, கொரோனா போன்ற வைரஸ் வந்த சில நாளில் இதயத்தின் தசை புண்படுவதை. வைரஸ் தசை செல்களைத் தாக்குவது ஒரு பக்கம். அதைத் துரத்த வரும் வெள்ளணுக்கள் அந்தச் செல்களையும் சேர்த்துச் சிதைப்பது மறுபக்கம். அளவு மாறாமலே இது நடக்கலாம். எக்கோ (இதய ஸ்கேன்) சாதாரணமாக இருக்கலாம், ஆனால் ட்ரோபோனின் (இதயத்தசை புண்பட்டால் ரத்தத்தில் கசியும் புரதம்) ஏறியிருக்கும்.

சிவப்பு, சூடு, வீக்கம், வலி நான்கும் சேர்ந்ததுதான் இன்ஃப்ளமேஷன். அதில் ஒன்றை மட்டும் பிடித்துப் பெயர் வைப்பானேன்? ‘அழற்சி’க்குள் அழல், அதாவது நெருப்பு, இருக்கிறது. ‘இதயத்தசை அழற்சி’ என் தேர்வு. ‘தசை’யை வெட்டக்கூடாது. வெளியுறையில் வந்தால் அது ‘இதயவுறை அழற்சி’; மல்லாந்து படுத்தால் வலி கூடும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும்.

> இசிஜியும் ட்ரோபோனினும் ஹார்ட் அட்டாக் மாதிரியே வருகிறதே. ‘காய்ச்சலுக்குப் பின் மாரடைப்பு’ என்று ஒரே தலைப்பில் அடக்கலாமே?

வேண்டாம் டாக்டர். தசை அழற்சியில் ஆஞ்சியோ செய்தால் பெரும்பாலும் இதய ரத்தக்குழாயில் அடைப்பே இருக்காது. அடைப்பு இல்லாததை எப்படி மாரடைப்பு என்பது? காய்ச்சல் நிஜ மாரடைப்பையும் கொண்டுவரும், அது தனி வழி: அழற்சியில் அந்தக் குழாயின் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறையும். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைவிடச் சுமார் 6 மடங்கு. இதற்குத் ‘தொற்று தூண்டிய மாரடைப்பு’ பொருந்தும்.

பெயர் கலந்தால் அறிவுரையும் கலக்கும். தசை அழற்சிக்கு வழக்கமாக 3 முதல் 6 மாதம் கடும் பயிற்சி கூடாது. மெரினா ஓட்டம், டர்ஃப் கிரிக்கெட் எல்லாம் அதில் அடக்கம்.

> காய்ச்சல் இறங்கியும் படபடப்பு இறங்காததை ‘மிகைத்துடிப்பு’ எனலாமா?

அது எல்லா வேகத் துடிப்புக்கும் பொது. உடல் சூடு 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு கூடுவது இயல்பு. சூடு 37க்கு வந்த பிறகும், படுத்திருக்கையிலேயே 120 அடித்தால் ‘காய்ச்சலை மிஞ்சிய துடிப்பு’ என்போம். கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் இதைப் படிப்பவர் உடனே நாடியைத் தொட்டுப் பார்ப்பார்.

மயோகார்டைட்டிஸ் என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைத்தானே எழுதுவார்கள்.