பல ஆளுமை நோயைச் சரியாகச் சொல்லும் தமிழ்க் கதை வேண்டும்

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். என் சித்தி மகளுக்கு டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 1994 வரை மல்டிபிள் பெர்சனாலிட்டி என்றார்களே, ஒரே ஆளுக்குள் பல ஆளுமைகள் மாறி மாறி வருவது, அதுதான்.

போன வாரம் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, கையில் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சின்னப்பிள்ளைக் குரலில், "நீங்க யாரு மாமா?" என்றாள். நான் அவளுக்கு அண்ணன். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது 2005-இல் வந்த சந்திரமுகியும் அந்நியனும்தான். இரண்டிலும் இந்த நோய் என்றால் கொலைவெறி. அதனால் பெரியம்மா பேரனை அவள் பக்கம் விடுவதில்லை. அது அவளுக்கும் தெரியும், என்னால் தாங்க முடியவில்லை. சிறுவயதில் பட்ட கொடுமையைத் தாங்க மனம் தன்னையே பிரித்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் இது வருகிறது. இவர்கள் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்களோ என்றுதான் பயப்பட வேண்டும்.

சித்தப்பா கோயில் கொடையில் (எங்கள் பக்கத்துத் திருவிழா) சாமியாடுகிறவர். "ஏல, மாடன் வந்து எறங்கயில எனக்குந்தான் நெனப்பு இருக்காது. அப்ப நானும் சீக்காளியா?" என்கிறார். ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில் வரும் அருளை மருத்துவம் நோயாகக் கணக்கிடுவதில்லை என்று சொன்னேன். பாதிதான் ஏறியது.

பேயும் கொலையும் இல்லாமல், அந்த மனதுக்குள்ளிருந்து சொல்லும் தமிழ்க் கதை, நாவல், படம் எது? மொழிபெயர்ப்பு என்றாலும் சரி. சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டும்படி எளிதாக இருக்க வேண்டும். மருந்து, பரிகாரம் வேண்டாம், சிகிச்சை நடக்கிறது. ஆவணிக் கொடைக்குச் சொந்தமெல்லாம் கூடும், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.