கேம்பர் வேன்: ஓடும்போது உள் பேட்டரிக்கு சார்ஜ் ஏறலை, உதவுங்க

நாளைக்கு நெல்லூர்ல இருந்து திருவொற்றியூர் திரும்பணும். ஓட்டுறது ரிட்டயர் ஆன அப்பா. வண்டி ஸ்டார்ட்ல இருக்கப்போ என்ஜின் பேட்டரி 14.1 வோல்ட், ஃபிரிட்ஜ் ஓடுற 150 ஏ.எச். உள் பேட்டரி 12.3தான். ஃபியூஸ் நல்லா இருக்கு. ரிலே (என்ஜின் ஓடுறப்போ மட்டும் ரெண்டு பேட்டரியையும் இணைக்கிற ஸ்விட்ச்) 'டக்'னு அடிக்குது, ஆனா உள் பேட்டரிக்குப் போற முனையிலயும் அதே 12.3. உள்ள காண்டாக்ட் கருகியிருக்கும்.

மாதவரம், மணலி பக்கம் 100 ஆம்பியர் ரிலே எங்க கிடைக்கும்? ஸ்டார்ட்டர் ரிலே வேணாம். அது சில விநாடிக்குத்தான், தொடர்ந்து ஓடினா காயில் எரிஞ்சிடும். ரிலே இல்லாம நேரடியா வயர் போட்டா ராத்திரி ஃபிரிட்ஜ் என்ஜின் பேட்டரியையும் காலி பண்ணிடும்.

அப்புறம், தச்சூர்ல திரும்பி பொன்னேரி, மீஞ்சூர் வழியா வரலாமா, இல்ல செங்குன்றம், மாதவரமே மேலா? கன்டெய்னர் லாரி வரிசை எந்த நேரத்துல கொஞ்சம் குறையும்? இருட்டுறதுக்குள்ள வந்து சேரணும், எதிர் லைட்டு அவருக்குக் கண்ணு கூசும்.