ஃபீலிங் தெர்மாமீட்டர் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

க.இரா.:
அனைவருக்கும் வணக்கம். வாக்காளர் ஆய்வுக்கான வினாத்தாள் ஒன்று வெள்ளி மாலை திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சைதாப்பேட்டையிலும் ராயபுரத்திலும் வீடு வீடாகக் கேட்கப்போகிறார்கள். எல்லாம் முடிந்து ‘ஃபீலிங் தெர்மாமீட்டர்’ என்ற ஒரே சொல்லில் நிற்கிறது.

கருவி பழையது. அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு 1964இலிருந்து கையாள்வது. வாக்காளர் கையில் ஓர் அட்டையைக் கொடுத்துக் கட்சி அல்லது தலைவர் பெயரைச் சொன்னால், அவர் 0 முதல் 100 வரை ஓர் எண் சொல்வார். 50 என்றால் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. சொந்தக் கட்சிக்கு 80, எதிர்க்கட்சிக்கு 20 என்றால் வித்தியாசம் 60. கொள்கை வேறுபாட்டை அல்ல, மனக்கசப்பை அளக்கும் எண் அது. ‘உணர்வு வெப்பமானி’ என்று எழுதிவிடலாமா?

பு.செ.:
கூடாது. நம் மேடைகளில் ‘உணர்வு’ என்றாலே இன உணர்வு, மொழி உணர்வு. ‘உணர்வாளர்’ யாரென்று எல்லாருக்கும் தெரியும். ‘உணர்வுமானி’ என்று அச்சடித்தால் தமிழுணர்வை அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அத்தனை பேரும் 100 சொல்வார்கள். தொல்காப்பியத்தில் நகை முதல் உவகை ஈறாக எட்டு மனநிலைகளையும் அடக்கிய சொல் இருக்கிறதே: மெய்ப்பாட்டுமானி.

ந.த.:
ஐயா, மெய்ப்பாடு உடம்பில் வெளிப்பட்டுப் பிறர் கண்டறிவது. இங்கே வாக்காளர் தன் வாயால் எண் சொல்கிறார். பொருந்தாது. அதோடு ‘மானி’ வடசொல். ‘அளவி’ என்க.

பு.செ.:
மா என்பது இருபதில் ஒரு பங்கு, நில அளவும் அதுவே. மா, மானம், மானி என வளர்ந்தது. மழைமானியும் காற்றழுத்தமானியும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அளவி, அளவை, அளவு என்று மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ந.த.:
அளத்தல் பொருளில் ‘மா’ வேர் வடமொழியிலும் உண்டு. ஓசை ஒத்தால் உறவாகிவிடாது.

(இந்த வழக்கில் இன்னும் 11 மடல்கள் வந்தன. சொல்லுக்கு உதவாததால் இழையைச் சுருக்கியிருக்கிறேன். – க.இரா.)

ச.மா.:
மானியா அளவியா என்பது அப்புறம். சிக்கல் ‘வெப்ப’த்தில் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரருக்கு வெதுவெதுப்பு அன்பு, குளிர் வெறுப்பு. நமக்குத் தலைகீழ். பிடித்தால் மனம் குளிரும், வயிறு குளிரும். பிடிக்காவிட்டால் கொதிக்கும், வயிறு எரியும், பேச்சில் சூடு பறக்கும். போதாக்குறைக்கு இங்கே சட்டமன்றத் தேர்தல் வருவது சித்திரை வெயிலில். ‘வெயில் 100 டிகிரியைத் தாண்டியது’ என்று செய்தி வரும் வாரத்தில் தெர்மாமீட்டர் படத்தை நீட்டி, 100 என்றால் ரொம்பப் பிடிக்கும் என்றால் யார் ஒப்புவார்? வீட்டுத் தெர்மாமீட்டரிலும் 100 காய்ச்சல்தான்.

கணக்கிலும் இது இடிக்கும். நூறில் பத்துப் பேர் அளவைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வெறுக்கும் கட்சிக்கு 90 போட்டால், சராசரி நடுவை நோக்கி நகரும். பிளவு குறைவு என்று அறிக்கை எழுதிவிடுவோம். பிழை இருப்பதே தெரியாது.

பு.செ.:
இதை ஏற்கிறேன். வெறுப்பு விருப்பு இல்லாமல் என்பதைக் ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்கிறோமே, அந்தக் ‘காய்’தான் வெயில் காய்வதிலும் காய்ச்சலிலும் இருப்பது. வெப்பத்தை வெறுப்பின் பக்கம் மொழியே வைத்துவிட்டது. ஆகவே ‘காய்வுவப்புமானி’.

ந.த.:
வாழைக்காயை உவப்பாகச் சமைக்கும் கருவி போலிருக்கிறது.

வி.ல.:
வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் கேட்கிறேன்: எளிதாக ‘100க்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?’ என்றால் என்ன?

ச.மா.:
அம்மா, புரியும். அதுதான் ஆபத்து. மார்க் என்றதும் 35 பாஸ் என்று மனக்கணக்கு ஓடும். பிடிக்காத கட்சிக்கும் ‘பாஸ் போட்டுத் தொலையறேன்’ என்று 40 வரும். 50 நடுப்புள்ளியாகவே இருக்காது. மேலும் மார்க் கேட்டால் ஆட்சியை மதிப்பிடுவார்கள். ‘ரோடு போட்டாங்க, 70. ஆனா எனக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது.’ நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது வாக்கியம்.

இன்னொன்று. மூல அட்டையில் 0, 15, 30, 40, 50, 60, 70, 85, 100 என்ற ஒன்பது இடங்களில்தான் விளக்கம் இருக்கும். மக்கள் பெரும்பாலும் அவற்றிலேயே குவிவார்கள். நம் அட்டையில் வெப்பச்சொல் ஒன்றும் வேண்டாம். 0: அறவே பிடிக்காது, 50: இரண்டும் இல்லை, 100: மிகவும் பிடிக்கும். குழாய்ப் படத்துக்குப் பதில் படுக்கைக் கோடு. முதல் கேள்வியாக ஒரு நடிகர் பெயரைக் கேட்டு, எண்ணும் பேச்சும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்துவிட்டுக் கட்சிக்குப் போங்கள்.

வி.ல.:
அதே தாளில் ‘ஆங்ஸைட்டி’க்குப் ‘பதட்டம்’ என்று இருக்கிறது. பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம். திருத்திவிடுங்கள்.

ச.மா.:
எழுத்து சரியானாலும், தேர்தல் காலத்தில் பதற்றம் என்றால் ‘பதற்றமான வாக்குச்சாவடி’தான் நினைவுக்கு வரும். ‘உங்கள் தொகுதியில் பதற்றமா?’ என்றால் ‘போலீஸ் நிக்குது, ஒண்ணும் இல்லை’ என்பார்கள். ‘கவலை’ என்றால் துக்கமும் சேர்ந்துவிடும். ‘என்ன ஆகுமோ என்ற பயம்’ என்று நீட்டியே எழுதலாம். இதைக் கோபத்தோடு ஒரே கட்டத்தில் போடக்கூடாது. அரசியல் அறிஞர் ஜார்ஜ் மார்க்கஸ் குழுவினர் 2000இல் நூலாக்கிய கோட்பாட்டின்படி, பயந்த வாக்காளர் பழக்கத்தை நிறுத்திவைத்துச் செய்தி தேடுவார். கோபக்காரர் அப்படித் தேடுவதில்லை. இருந்த இடத்திலேயே இறுகுவார்.

பு.செ.:
அச்சமும் வெகுளியும் தொல்காப்பியத்திலும் வேறுவேறுதான். அச்சம் பிறக்கும் இடங்களாகச் சொன்ன நான்கு நிலைக்களன்களில் ‘தம் இறை’ ஒன்று, அதாவது அரசன். கருத்தாய்வாளர் கவனிக்கத்தக்கது.

க.இரா.:
நன்றி. நேரமில்லை. கலைச்சொல் பட்டியலில் ‘விருப்புமானி’. வினாத்தாளில் பெயரே இல்லை, கோடும் எண்களும் மட்டும். ஆதரவு 6, எதிர்ப்பு 2. மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று கொள்கிறேன்.

ந.த.:
எதிர்ப்பைப் பதிவு செய்க. விருப்பளவி.

பு.செ.:
என் எதிர்ப்பையும். வெறுப்பையும் அளக்கும் கருவிக்கு விருப்பின் பெயரை மட்டும் வைப்பது எந்த இலக்கணம்?