சோங்யே மக்களின் தந்தத்தாலான உருவம்: ‘உருவேற்றுப் பாவை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆப்பிரிக்காவின் சோங்யே மக்கள் தந்தத்தில் செதுக்கும் சிறு உருவத்துக்குத் தமிழ்ப் பெயராக முன்மொழியப்பட்ட ‘மந்திரப் பொம்மை’, ‘சிலை’ இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பொம்மை என்றதும் விளையாட்டுச் சாமான்தான் நினைவுக்கு வரும். சிலை என்பது பீடத்தில் நிற்பது. இதுவோ உள்ளங்கையில் அடங்குவது. ‘விக்கிரகம்’ இன்னும் பொருந்தாது. இதை யாரும் கடவுளாக வணங்குவதில்லை. மூதாதையர் ஆவிகளின் துணையை நாடியும், நோயும் சூனியமும் அண்டாமலிருக்கவும், பிள்ளைப்பேறு வேண்டியும் வைத்துக்கொள்கிறார்கள்.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் லோமாமி ஆற்றை ஒட்டிய பகுதிகளில் வாழும் சோங்யே மக்கள் இத்தகைய உருவத்தை ‘என்கிஷி’ என்கிறார்கள், பன்மை ‘மன்கிஷி’. ஊருக்குப் பொதுவானவை மரத்தில் பெரிதாகச் செய்யப்பட்டவை. அவற்றைக் கையால் தொடமாட்டார்கள், கழிகளைக் கொண்டே தூக்குவார்கள். தனி ஆளுக்கும் குடும்பத்துக்கும் உரியவை சிறியவை. தந்த உருவங்கள் இந்த வகை. கைபட்டுக் கைபட்டு மூக்கும் கண்ணும் மழுங்கி, எண்ணெய் ஏறித் தேன் நிறமாகிப்போனவை அவற்றில் உண்டு.

பெயர் வைக்குமுன் உச்சந்தலையைப் பாருங்கள். பலவற்றில் அங்கே சிறு குழி குடைந்திருக்கும். சிற்பி செதுக்கி முடித்தபோது அது வெறும் உருவம்தான். ‘என்கங்கா’ எனப்படும் சடங்கு வல்லுநர், தாவரம், விலங்கு, மண் ஆகியவற்றிலிருந்து சேர்த்த ‘பிஷிம்பா’ என்னும் பொருள்களை அந்தக் குழியில் வைத்து அடைத்த பிறகே அது என்கிஷி ஆகிறது. இந்தச் செயலுக்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! தகட்டையும் தாயத்தையும் ‘உருவேற்றிக் கொடுத்தார்’ என்றுதானே சொல்கிறோம்? ஆகவே என் பரிந்துரை: உருவேற்றுப் பாவை.

உருவேற்றுதல் மந்திரம் ஓதுவதைத்தானே குறிக்கும் என்று கேட்கலாம். வழி வேறுதான், ஆனால் செய்துவைத்த பொருளுக்கு வெளியிலிருந்து ஒருவர் ஆற்றலை ஏற்றுகிறார் என்ற கருத்து இரண்டுக்கும் ஒன்றே. ஆங்கிலத்தின் ‘power figure’ என்பதை ‘ஆற்றல் உருவம்’ என்று நேராக மொழிபெயர்த்தால் அந்த ஒருவர் இல்லாமலே போகிறார். கொல்லிப்பாவையை அறிந்தவர்களுக்குப் பாவை என்பது வெறும் அலங்காரப் பொருள் அல்ல என்று விளக்கவும் வேண்டியதில்லை.

பிஷிம்பாவுக்கு ‘அடைமருந்து’ எனலாம். ‘மருந்து வைத்துவிட்டார்கள்’ என்னும் வழக்கில் மருந்துக்கு இந்தப் பொருள் ஏற்கெனவே உண்டு. என்கங்காவை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வோம். மந்திரவாதி என்று எழுதினால் அவர் செய்யும் வைத்தியம் விடுபட்டுப்போகும்.