பறவைக்கூட்டத்துக்குத் "தலைமைப் பறவை" எங்க இருந்து வந்தது?

உப்புவெளியான்:
நேற்று இங்க ஒருத்தர் எழுதினத வாசிச்சு நித்திரை வரல்ல. பறவைகளின்ர அசைவ வச்சு ஒரு புது ஒர்கெஸ்ட்ரா இசை வந்திருக்காம். அதில தனி வயலின்தான் "தலைமைப் பறவை", மற்றதெல்லாம் அதுக்குப் பின்னால போகுதாம், "இயற்கையே அப்படித்தான்" எண்டு முடிச்சிருக்கார். எந்த இயற்கை? ரோமில ஸ்டார்லிங் குருவிக்கூட்டங்களப் படம்பிடிச்சு 2008ல ஆய்வு வந்தது. ஒவ்வொரு குருவியும் பக்கத்தில உள்ள ஆறேழு குருவியத்தான் பாத்துப் பறக்குது. தலைவன் இல்ல.

கடற்கரைவீதி:
எழுதினது நான்தான், பேரச் சொல்லியே கேக்கலாம். ரோமுக்கு ஏன் போறீங்க? நிலாவெளிக் கடலில இருக்கிற புறாத்தீவுக்குப் போங்க. பாறை இடுக்கால மாடப்புறா கிளம்பினா முதல் ஒண்டு சரியும், பிறகுதான் மற்றதெல்லாம் சரியும். கண்ணால கண்டனான்.

உப்புவெளியான்:
அந்தத் தீவுக்குப் பேர் புறாமலை. நிலாவெளிச் சனத்திட்டக் கேளுங்க. முதல் திரும்பினதெல்லாம் தலைவனாகாது. ஆறேழு!

வயலின்காரி:
அந்த இசையில எந்தப் பறவை எண்டு ஆராவது சொல்லுங்களன்?

கடற்கரைவீதி:
2010ல புறாக்களின்ர முதுகில ஜிபிஎஸ் கட்டி ஆய்வு செய்தவங்க. ஆருக்குப் பின்னால ஆர் எண்டு வரிசையே இருக்கு. இப்ப என்ன சொல்றீங்க?

உப்புவெளியான்:
புறாவக் காட்டிக் குருவிய மறைக்காதீங்க. பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் 1915 ஏப்ரல் 21ல, தலைக்கு மேல 16 அன்னம் வட்டமிட்டதப் பாத்தார். அவரின்ர ஐந்தாவது சிம்பொனியின்ர கடைசிப் பகுதியில ஹார்ன்கள், அதான் ஊதுற பித்தளைக் கொம்புகள், ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி வரும், அதத்தான் அன்ன இசை எண்டு சொல்றது. ஒரு ஹார்ன் முன்னுக்குப் போய் மற்றதுகள இழுக்கல்ல. எனக்கெண்டா வயலின்கள இரண்டிரண்டாப் பிரிச்சு, பக்கத்து ஆள் தொடங்கி அரைத் தாளத்தில அடுத்த ஆள் தொடங்கினாத்தான் கூட்டம் திரும்பிற மாதிரிக் கேக்கும்.

கடற்கரைவீதி:
போன திருவிழாவில நாதஸ்வரத்துக்கு மைக் எங்க வைக்கிறதெண்டும் நீங்கதான் படிப்பிச்சீங்க. ஊரே காதப் பொத்தினது.

உப்புவெளியான்:
மைக்க வச்சது நானில்ல, வச்சவருக்குத் தெரியும். அத ஏன் இங்க இழுக்கிறீங்க?

மூதூர்த் தம்பி:
அண்ணைமார், நான் புறாத்தீவு எண்டுதான் கேட்டு வளந்தனான்.

உப்புவெளியான்:
தம்பி, மூதூர்ல இருந்து நிலாவெளிக்குப் பேர் வைக்காதீங்க. தலைவன் இல்ல, ஆறேழு.

கடற்கரைவீதி:
முதல் ஒண்டுதான் சரியும். கண்டனான்.