செம்பனைத் தோட்டத்துக்கு ஏஜெண்டு மூலம் ஆள் எடுக்கலாமா? "முதலாளிக்குச் செலவே இல்லை" என்கிறார்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான சிறிய செம்பனைத் தோட்டம் ஒன்றை நான் கவனித்து வருகிறேன். குலை அறுக்க ஆளில்லாததால், பத்துப் பதினைந்து நாளுக்கொரு முறை வரவேண்டிய அறுப்புச் சுற்று ஒரு மாதம் வரை தள்ளிப்போகிறது. பழம் உதிர்ந்து மரத்தடியிலேயே அழுகுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து எட்டுப் பேரை வரவழைத்துத் தருவதாக ஓர் ஏஜெண்டு முன்வந்திருக்கிறார். முதலாளி ஒரு காசும் தரவேண்டியதில்லை என்றும், அந்நியத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணமான லெவியைக்கூட ஆட்களின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றும், கோட்டா தம் கையில் தயாராக உள்ளது என்றும் அவர் சொல்கிறார். எங்கள் கம்பெனி முத்திரை குத்திக் கையெழுத்திட்ட வெற்றுக் கடிதத்தாள்கள் நான்கைந்து வேண்டுமாம். இதில் இறங்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்)

தம்பி, முதலில் அந்த வெற்றுக் கடிதத்தாளைக் கொடுக்காதீர்கள். எட்டுப் பேருக்கு என்று வாங்கியதில் எண்பது பேருக்கான கோரிக்கைக் கடிதம் அடிக்கப்பட்டு, உங்கள் தோட்டத்தின் பெயரைக் காட்டி ஊர் ஊராகப் பணம் வசூலிக்கப்பட்டால், நாளை விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

கோட்டா கையில் இருக்கிறது என்பதும் நம்பத்தக்க பேச்சன்று. அந்நியத் தொழிலாளர் ஒதுக்கீடு முதலாளியின் பெயருக்குத்தான் கிடைக்கும். அது ஏஜெண்டு வைத்து விற்கும் சரக்கு அல்ல. 2023 ஜனவரி முதல், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் முதலாளி தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்று வேலைச் சட்டத்தின் 60கே பிரிவு சொல்கிறது. வேறொரு கம்பெனியின் பெயரில் பெர்மிட் அடித்து ஆட்களை உங்கள் தோட்டத்தில் இறக்கிவிட்டால், அவர்கள் சட்டப்படி உங்கள் தொழிலாளர்கள் அல்லர். செல்லத்தக்க அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கக் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு இடமளிக்கிறது. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் சிறைத்தண்டனை 6 மாதத்தில் தொடங்கி 5 ஆண்டு வரை போகும், பிரம்படியும் உண்டு. நீங்கள் எடுக்க நினைப்பது எட்டுப் பேர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி, செலவே இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். விமான டிக்கெட், மருத்துவப் பரிசோதனை, விசா, ஏஜெண்டின் கூலி ஆகியவற்றை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும். நீங்கள் கட்டவில்லையென்றால், வரப்போகிற பையன் நிலத்தை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கட்டியிருப்பான். கிராமத்துத் துணை ஏஜெண்டு முதல் சென்னை அலுவலகம் வரை ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்திருக்கும். அந்தக் கடனோடு வருகிறவன் ஆறு மாதத்தில் அதிகச் சம்பளம் தேடி ஓடிவிடுவான். அல்லது ஓடவும் முடியாமல் உங்களிடம் சிக்கிக் கிடப்பான். இரண்டாவதைத்தான் கடன் அடிமைத்தனம் என்கிறார்கள். 2020-ல் எப்ஜிவி, சைம் டார்பி பிளான்டேஷன் ஆகிய பெரிய மலேசியத் தோட்டக் கம்பெனிகளின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத்துறை இறக்குமதித் தடை போட்டபோது, காட்டிய காரணங்களில் இதுவும் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை)ப் பிடித்து வைத்ததும் இருந்தன. கங்காணியை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்; அதே ஊர்ப்பக்கத்துப் பிள்ளையை இப்படி வரவழைக்க நாம் சம்மதிக்கக் கூடாது.

பதில்: ஈப்போ கணக்காளர்

கிராணி ஐயா சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். லெவியைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்பது தவறு. தீபகற்ப மலேசியாவில் தோட்டத்துறைக்கு ஆண்டு லெவி 640 வெள்ளி. 2018 ஜனவரி முதல் அதை முதலாளியே ஏற்கவேண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி அந்நியத் தொழிலாளருக்கும் பொருந்தும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சோக்சோவில் பதிவும் கட்டாயம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்துக் கட்டுப்படியாகுமா என்று முடிவெடுத்த பிறகே ஆள் தேடுங்கள்.

ஏஜெண்டிடம் 1981-ஆம் ஆண்டுத் தனியார் வேலை முகவர் சட்டத்தின் கீழ் அந்நியத் தொழிலாளரை எடுக்க அனுமதிக்கும் 'சி' வகை உரிமம் உள்ளதா என்பதைத் தொழிலாளர் இலாகாவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பக்கத்து ஏஜெண்டு வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான அந்நாட்டு அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கத்தக்க உச்சக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய் என்று அங்கே விதி உள்ளது. அதையும் நீங்களே செலுத்திவிடுவதாக ஒப்பந்தத்தில் எழுதி, ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி: சுங்கை சிப்புட் தோட்டக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தாளைக் கொடுக்கப்போவதில்லை. வேறு ஏஜெண்டு அமைந்தாலும், வருகிறவர்களிடம் உண்மையைக் கேட்டறிவது எப்படி என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற கிராணி

தம்பி, உங்களுக்கு மொழி தெரியும். வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ ஆள் எடுக்கும் முதலாளிக்கு அது வாய்ப்பதில்லை. ஏஜெண்டு பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொருவரோடும் வீடியோ அழைப்பில் தனியாகப் பேசுங்கள். யாரிடம் எவ்வளவு கொடுத்தாய், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த வேலை என்று சொன்னார்கள் என்று விசாரியுங்கள். தோட்டவேலை என்றதும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் உயரமான மரத்தில் ஓலையை வெட்டி, 20 கிலோ குலையைச் சாய்த்து, அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வருவதைப் படம்பிடித்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்பவன் ஊரிலேயே இருக்கட்டும். அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

தங்குமிடத்துக்கு 446-ஆம் சட்டப்படி தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். பழைய லயத்து வரிசை வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காட்டினால் போதாது. ஆளுக்கொரு கட்டிலும் பூட்டுள்ள அலமாரியும் கொடுத்து, கடப்பிதழை அவரவரே அதில் வைத்துப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டுப் பேரை ஒரேயடியாக எடுக்காமல் முதலில் மூன்று பேருக்கு மட்டும் விண்ணப்பித்து, அவர்கள் வந்து சேரும்வரை மீதி அறுப்பைப் பக்கத்துத் தோட்டத்தாரோடு முறைவைத்துச் செய்ய முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.