அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் இரைப்பையில் பச்சைச் சாய ஊசி: எதற்காக?

கேள்வி: திருச்சி மகள்

அப்பாவுக்கு வயது 63. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி. வரும் வியாழக்கிழமை லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை. முந்தின நாள் எண்டோஸ்கோபி வழியாகக் கட்டியைச் சுற்றி ஏதோ பச்சைச் சாயம் ஏற்றுவார்களாம். அது மறுநாள் நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளைக் காட்டிக்கொடுக்குமாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபிறகுதான் கேள்விகள் முளைக்கின்றன. நோய் பரவிய நெறி மட்டும்தான் ஒளிருமா? அப்பாவுக்கு இறால் ஆகாது. சாயத்தில் அயோடின் உண்டு என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். அப்பா கேட்பது வேறு: "நான் பச்சையாகிவிடுவேனா?"

பதில்: கும்பகோணத்தான்

என் மனைவிக்குச் சென்ற ஆண்டு போட்டார்கள். பச்சையாகவில்லை. இரண்டு நாளும் பட்டினி போட்டதற்குத்தான் இன்னும் என்னைத் திட்டுகிறாள்.

பதில்: பரிசோதனைக்கூடத்துக்காரர்

வெட்டியெடுத்த இரைப்பை எங்கள் மேசைக்குத்தான் வரும். அதன் கொழுப்பை விரலால் தடவித் தடவி நெறிகளைப் பொறுக்குவது என் வேலை. பருப்பில் கல் பொறுக்குவதைப் போலத்தான். ஆனால் கல்லும் பருப்பு நிறத்திலேயே இருக்கும்.

அந்தச் சாயம் ஐசிஜி, அதாவது இண்டோசயனின் கிரீன். கட்டியைச் சுற்றி நான்கு இடங்களில் அரை மில்லி வீதம் ஏற்றுவது ஒரு முறை. கட்டியிலிருந்து நிணநீர் போகும் வழியிலேயே சாயமும் போய் நெறிகளில் தங்கும். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை அடித்தால் அது ஒளிர்வது நம் கண்ணுக்குத் தெரியாது; கேமரா அதைப் பிடித்துத் திரையில் பச்சையாகக் காட்டும்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. ஒளிர்வது நிணநீர் போன வழி, புற்றுநோய் அல்ல. ஒன்றுமில்லாத நெறியும் ஒளிரும்.

பிறகு எதற்கு என்றால், எண்ணிக்கைக்கு. 16 நெறியாவது கிடைக்காவிட்டால் நோயின் நிலையை நம்பிச் சொல்ல முடியாது. சீனாவின் ஃபூசோவ் நகரத்தில் 258 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. சாயம் போட்டவர்களிடம் சராசரி 50.5 நெறி, போடாதவர்களிடம் 42. ஒரே மருத்துவமனை, தேர்ந்த கைகள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஐசிஜி மருந்துகள் பலவற்றில் சோடியம் அயோடைடு இருப்பது உண்மைதான். ஆனால் இறால் ஒவ்வாமை இறாலின் புரதத்தால் வருவது. அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் ஊசிக்கு முன்பே மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். வேறு மருந்தோ ஊசியோ ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

திருச்சி மகள்

நன்றி ஐயா. ஒளிராத நெறியை விட்டுவிடுவார்களா? அந்த நினைப்பில்தான் தூக்கம் வரவில்லை.

பரிசோதனைக்கூடத்துக்காரர்

விடக்கூடாது. நோய் அடைத்துக்கொண்ட வழியில் சாயம் போகாது. அங்கே மோசமான நெறிகூட இருட்டாகவே கிடக்கலாம். அதனால் டி2 என்ற வரையறைப்படி இரத்தக் குழாய்களை ஒட்டிய கொழுப்பை முழுதாக எடுப்பார்கள். வரையறைக்கு உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சாயம். "டி2 செய்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

திருச்சி மகள் (மூன்று வாரம் கழித்து)

அறிக்கை வந்துவிட்டது. 2/44 என்று இருக்கிறது. அப்பா கஞ்சி குடிக்கிறார். பச்சையாகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பரிசோதனைக்கூடத்துக்காரர்

44 பார்த்ததில் இரண்டில் நோய். நெறிக் கணக்கில் அது என்1, அதாவது ஒன்றிரண்டு நெறியில் மட்டும் நோய் இருக்கும் நிலை. கீமோ பற்றிப் புற்றுநோய் மருத்துவர் சொல்வார். அந்த 44ஐப் பொறுக்கியவர் யாரோ, அன்று மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போயிருக்க மாட்டார்.